பச்சைக் குமிழ் வைத்த முள்கரண்டி

கோவில்பட்டி,
2-1-1978, திங்கட்கிழமை.

அன்பு நண்பர் அபுதாஹிர் அவர்களுக்கு மந்திரமூர்த்தி எழுதுவது.

தாங்கள் மிளகாய் வத்தல் மண்டியைக் கயத்தாற்றுக்கு மாற்றிக்கொண்டு குடிபோய், வருகிற தை மாதத்தோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. அன்றிலிருந்து என் வீட்டில் ஞாயிறுதோறும் நடந்த சீட்டாட்டமும் நின்றுபோயிற்று. புதூரிலிருந்து ராமசுப்பு வருகிறார், சுடலைமாடனும் வருகிறார். ஒரு கை குறைவதால் சீட்டுக்கட்டை எடுப்பதில்லை. பருத்தி விலையைப் பேசிவிட்டு எழுந்து போகிறார்கள்.

நிற்க. சூரிச்சில் வேலையாக இருக்கும் என் மகன் இசக்கியப்பன் 18-12-1977 அன்று விடுமுறையில் வந்து 30-ஆம் தேதி திரும்பினான். இரண்டு பெரிய பாலாடைக்கட்டிகள், கைப்பிடி வைத்த கனத்த மண்சட்டி ஒன்று, நீண்ட முள்கரண்டிகள் ஆறு ஆகியவற்றைக் கொடுத்துச் சென்றிருக்கிறான். 1956-இல் மில் நிர்வாகம் என்னை இயந்திரப் பயிற்சிக்காக அந்நாட்டுக்கு அனுப்பியபோது, அங்கே நான் உண்ட ஃபாண்டூ என்னும் பண்டத்தைப் பற்றித் தங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை வரும் 22-1-1978 ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் வீட்டில் செய்வதாக இருக்கிறேன். நாம் நால்வர் மட்டுமே.

சட்டியின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, பாலாடைக்கட்டியைத் துருவி உருக்கி, சட்டியோடு கும்முட்டி அடுப்பில் நடுக்கூடத்தில் வைக்க வேண்டும். முந்தைய நாள் ரொட்டியைத் துண்டுகளாக்கி, முள்கரண்டியில் குத்தி, முக்கி உண்ண வேண்டும். அவர்கள் வெள்ளைத் திராட்சை மதுவைச் சேர்ப்பார்கள். நாம் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தால் போதும், கட்டி திரியாது. இங்கே சந்தையில் கிடைக்கும் பழங்கள் தோல் தடித்தவை. ஆகவே தாங்கள் வரும்போது நல்ல பழமாகப் பத்து வாங்கி வரவும்.

இதன் தலையாய விதி, சட்டி ஒன்றுதான் என்பது. தட்டு, கிண்ணம் எதுவும் கிடையாது. எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து எழுந்தால் அது தீர்ந்துவிடும் என்று, அங்கே எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மையார் சொல்வார். எவருடைய ரொட்டி சட்டிக்குள் நழுவி விழுகிறதோ, அவர் ஒரு பாட்டுப் பாடியாக வேண்டும். இதுவும் விதி. முள்கரண்டிகள் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நிறத்தில் குமிழ் உண்டு. தங்களுக்குப் பச்சை ஒதுக்கியிருக்கிறேன்.

தங்கள்,
மந்திரமூர்த்தி


கயத்தாறு,
வெள்ளி, தொழுகைக்குப் பின்.

அண்ணாச்சிக்கு அபுதாஹிரின் சலாம்.

கடிதம் வந்தது. பச்சைதான் ஒதுக்குவீர்கள் என்று குமிழைப் பற்றி வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது.

வீட்டில் சைத்தூனிடம் வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி வீட்லயா? ஒரே சட்டியா? நல்லா வாசிச்சுப் பாருங்க" என்றாள். இன்னொரு தரம் வாசித்தேன். ஒரே சட்டிதான் என்று எழுதியிருக்கிறது, தட்டு கிண்ணம் கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. அவள் முறத்தைத் தட்டினாள். பிறகு, "அப்ப அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள்.

பழம் கொண்டுவருகிறேன். பாட்டும் ஒன்று கைவசம் இருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்ய எங்கள் பெண்கள் பாடுவது. சுடலைமாடனுக்குப் பிடிக்கும். ரொட்டி தானாக விழாவிட்டால் நானே தள்ளிவிடுவேன்.

அபுதாஹிர்


கோவில்பட்டி,
25-1-1978, புதன்கிழமை.

அன்பு நண்பருக்கு,

தங்கள் சென்ற கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு 6-1-1978 என்று குறித்துக்கொண்டேன். இனி தேதியிட்டு எழுதக் கோருகிறேன்.

கடந்த ஞாயிறன்று தாங்கள் ஆறே முக்கால் மணிக்கு, எவரிடமும் முறையாக விடைபெறாமல், பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனது எனக்கு வருத்தம். கயத்தாற்றுக்கு எட்டு மணிக்கும் பேருந்து உண்டு, எட்டரைக்கும் உண்டு. சட்டியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அடியில் படியும் முறுகல்தான் இப்பண்டத்தின் சிறப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் செருப்பை மாட்டிவிட்டீர்கள்.

பண்டம் எப்படி என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "நல்லா இருக்கு" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. 1956 முதல் நான் நினைத்து வைத்திருந்த ஒரு காரியத்துக்கு அது போதுமான பதில் அன்று.

இன்னொன்று. மறுநாள் காலை எண்ணிப் பார்த்தபோது முள்கரண்டிகள் ஐந்துதான் இருந்தன. பச்சைக் குமிழ் வைத்ததைக் காணவில்லை. தங்களிடம் தவறுதலாக வந்திருக்குமாயின் அனுப்பிவைக்கவும். ஆறும் சேர்ந்தால்தான் அது ஒரு தொகுதி.

மந்திரமூர்த்தி


கயத்தாறு,
3-2-1978.

அண்ணாச்சி,

தேதி போட்டிருக்கிறேன்.

முள்கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. கை கழுவும்போது கையில் இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன பாய், மீன் குத்தவா?" என்று கேட்டார்.

நான் ஒன்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் வந்த பிறகு முள்கரண்டியை அனுப்புகிறேன்.

சட்டியைச் சுற்றி நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தீர்கள். எனக்கு மட்டும் உங்கள் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு, அதில் எனாமல் கிண்ணம் ஒன்று வைத்திருந்தது. ஏன்?

என் ரொட்டி இரண்டு தரம் விழுந்தது. ஒரு தரம் தானாக, ஒரு தரம் நானாக. யாரும் பாடச் சொல்லவில்லை. ராமசுப்பு ரொட்டி விழுந்தபோது நீங்களும் சுடலைமாடனும் கைதட்டினீர்கள், அவர் பாடினார். என் கிண்ணத்தில் விழுந்தது எனக்குத்தானே, அதற்கு எதற்குப் பாட்டு?

அபுதாஹிர்


கோவில்பட்டி,
7-2-1978, செவ்வாய்க்கிழமை.

நண்பருக்கு,

தங்கள் 3-2-1978 கடிதம் நேற்று மாலை கிடைத்தது. கேள்வியைப் படித்ததும் எனக்கு ஏற்பட்டது வியப்பு மட்டுமே.

இசக்கியப்பன் போகும்போது வெள்ளைத் திராட்சை மது ஒரு சிறு குப்பி வைத்துவிட்டுப் போனான். எலுமிச்சையோடு அதிலும் இரண்டு கரண்டி பெரிய சட்டியில் சேர்க்கப்பட்டது. தங்கள் மார்க்கத்துக்கு அது ஆகாது என்பதை மனத்திற்கொண்டு, தங்களுக்கென்று தனியே மது கலவாமல் செய்துவைத்தேன். மற்றவர்கள் முன்னிலையில் அதை விளக்குவது நாகரிகம் அன்று என்று பேசாதிருந்தேன். நன்றி எதிர்பார்க்கவில்லை; குற்றச்சாட்டையும் எதிர்பார்க்கவில்லை.

முள்கரண்டியை அனுப்புவதில் இனித் தடை இராது என்று நம்புகிறேன்.

மந்திரமூர்த்தி


கயத்தாறு,
17-2-1978.

அண்ணாச்சி,

பத்துப் பழத்தையும் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பிழிந்தவன் நான். சாறு முழுவதையும் மதினி என் கையிலிருந்து வாங்கிப் பெரிய சட்டியில்தான் விட்டார்கள். அப்புறம் பெரிய சட்டியிலிருந்து இரண்டு கரண்டி மொண்டு என் கிண்ணத்தில் ஊற்றினார்கள். என் கண் முன்னால். கரண்டியிலிருந்து நூல் நூலாக இழுத்தது. மதினி அதைச் சுற்றி அறுக்கப் பாடுபட்டதைப் பார்த்துச் சிரித்தேன்கூட. இரண்டும் ஒரே பண்டம். பெரிய சட்டியில் மது இருந்திருந்தால் அதை எனக்கும் கொடுத்துவிட்டீர்கள். இல்லையென்றால் உங்கள் கடிதம் பொய். எதை வைத்துக்கொள்ளட்டும்?

என் கை பிழிந்த சாறு சட்டிக்கு ஆயிற்று. நான் வாயில் வைத்த முள்கரண்டிதான் ஆகவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷமாக உங்கள் வீட்டில் காப்பி குடிக்கிறேன். விளிம்பில் கோடு கிழித்த டம்ளர் ஒன்று புறவாசல் மாடத்தில் இருக்கிறது; அது எனக்கு மட்டும் வருவது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? நான் கேட்டதுண்டா? ஆளுக்கொரு டம்ளர் என்று இருந்துவிட்டேன். ஒரே சட்டி என்று எழுதியது நீங்கள். நான் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் விட்டிருப்பேன். போன திங்கட்கிழமை ராமசுப்பு வத்தல் மூட்டையோடு மண்டிக்கு வந்தார். எடை போட்டு முடித்ததும் போகாமல் நின்றார். "பாய், ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது. எங்க எச்சில் உமக்கு ஆகாதோ?" என்றார். எனக்குப் புரியவில்லை. "தனிக் கிண்ணம் வேணும்னு நீருதான் எழுதியிருந்தீராம். அண்ணாச்சி சொன்னாவ. இத்தன வருசம் சேந்து இருந்துட்டு, எங்களப் போயி" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வத்தலை வேறு மண்டிக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி.

என்னிடம் மது என்று எழுதுகிறீர்கள். அவர்களிடம் நான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே ராமசுப்புவுக்கு உள்ளதைச் சொல்லியிருப்பேன். உங்களைப் பொய்யர் என்று இன்னொருவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ராமசுப்புவிடமும் சுடலைமாடனிடமும், "அபுதாஹிர் கேட்கவில்லை, நான்தான் வைத்தேன்" என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அபுதாஹிர்


கோவில்பட்டி,
1-3-1978, புதன்கிழமை.

நண்பருக்கு,

தங்கள் கடிதம் 20-2-1978 அன்று கிடைத்தது. பதில் எழுத ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். என் வழக்கத்தில் இது கிடையாது.

ஒரு வீடு என்றால் அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றை நான் உண்டாக்கவில்லை. நாம் உண்டு எழுந்த பிறகு, மிச்சத்தை என் மனைவி கோமதியும் உண்ண வேண்டியிருந்தது. அழைப்பை எழுதியபோது இது என் நினைவுக்கு வரவில்லை. 22-1-1978 மதியம் அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "பாய் முள்ளும் இதுலதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான்தான் அலமாரியிலிருந்து எனாமல் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மற்ற இருவரிடமும் தாங்கள் கேட்டதாகச் சொன்னதன் காரணத்தைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தனிக் கிண்ணம் வைக்கப்பட்டவர் என்பதைவிட, தனிக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டவர் என்பது கௌரவம் அல்லவா? தங்கள் மதிப்பைக் காக்கவே அப்படிச் சொன்னேன். ராமசுப்பு அதை இவ்வாறு எடுத்துக்கொள்வார் என்று நான் கணிக்கவில்லை.

எனினும் தங்கள் கோரிக்கையை ஏற்கிறேன். பாலாடைக்கட்டியில் ஒன்று அப்படியே இருக்கிறது. வரும் 12-3-1978 ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மீண்டும் செய்வதாக இருக்கிறேன். ஒரே சட்டி. கிண்ணம் இராது. தங்கள் முன்னிலையிலேயே அவர்களிடம் சொல்கிறேன். பழம் பத்து தேவைப்படும்.

மந்திரமூர்த்தி


கயத்தாறு,
7-3-1978.

அண்ணாச்சி,

பழம் பத்தும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை. நான் இல்லாத இடத்தில் சொன்னதை, நான் இல்லாத இடத்திலேயே மாற்றிச் சொல்லுங்கள். நான் வந்து உட்கார்ந்து, நான் பார்க்க நீங்கள் சொன்னால், பாய் வந்து சொல்லவைத்தான் என்று ஆகிவிடும்.

மதினி அன்றைக்குக் கேட்டதை எழுதியிருந்தீர்கள். அவர்கள் கேட்டார்கள், நீங்கள் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். அதை மாற்றி எழுதாமல் இருந்ததற்குச் சந்தோஷம்.

சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி வந்தால், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சீட்டுக்கட்டோடு வருகிறேன். சைத்தூனிடமும் சொல்லிவிட்டேன்.

அபுதாஹிர்


கோவில்பட்டி,
14-3-1978, செவ்வாய்க்கிழமை.

நண்பருக்கு,

பழங்கள் பெற்றுக்கொண்டேன். சாறு மிகுதி.

12-ஆம் தேதி இருவரும் வந்திருந்தார்கள். இம்முறை பதம் சரியாக வந்தது. மக்காச்சோள மாவைச் சாற்றில் கரைத்து விட்டதால் முதல் தடவை போலத் திரிதிரியாகவில்லை.

நான் நான்கு முள்கரண்டிகளை எடுத்து வைத்திருந்தேன். ராமசுப்பு பார்த்துவிட்டு, "பாயும் வாராரா?" என்று கேட்டார். பேச்சைத் தொடங்க அதுவே தக்க தருணம் என்பதை நான் அறிவேன். "அதப் பத்தித்தான் ஒன்னு சொல்லணும்" என்று தொடங்கியும் விட்டேன். அதற்குள் சுடலைமாடன், "வந்தாலும் அவிய தனியாத்தானே சாப்பிடுவாவ, அந்த முள்ள எடுத்து உள்ள வையும் அண்ணாச்சி, எடம் அடைக்குது" என்றார். இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி ரொட்டித் தட்டோடு கதவருகில் நின்றாள்.

நான், "ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதைச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று. கனல் குறைந்து சட்டி இறுகத் தொடங்கியது. சுடலைமாடனின் ரொட்டி விழுந்தது, அவர் பாடினார். ராமசுப்பு கயத்தாற்றுக்கு வந்தால் இதை எப்படியும் தங்களிடம் சொல்வார் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். வேறொரு பொருத்தமான நேரத்தில் இருவரையும் தனித்தனியே கண்டு விளக்கலாம் என்பது என் எண்ணம். சித்திரை முதல் தேதிக்குள் செய்துவிடுவேன். தாங்கள் வரும் ஞாயிறு சீட்டுக்கட்டோடு வருவதற்கு இது தடையாக இருக்க வேண்டியதில்லை.

மந்திரமூர்த்தி


கயத்தாறு,
20-3-1978, திங்கட்கிழமை.

அண்ணாச்சி,

தேதியும் கிழமையும் போட்டிருக்கிறேன்.

நேற்று ராமசுப்புவைக் கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நானே போய்ப் பேசினேன். "ஆமாய்யா, தனிக் கிண்ணம் நான்தான் கேட்டேன். எனக்கு ஒத்துக்கிடாது" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். நீங்கள் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொன்னது மெய்யாகிவிட்டது. இனிமேல் நான் கேட்டுத்தான் தனியாக இருக்கிறேன்.

பண்டம் எப்படி என்று மூன்று முறை கேட்டீர்கள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆறின பசை மாதிரி இருந்தது. நல்லா இருக்கு என்றது உங்களுக்காகச் சொன்னது.

சைத்தூன் அந்த வெள்ளைச் சட்டையில் அன்றைக்குச் சொட்டிய கறையை இரண்டு தரம் ஊறவைத்துத் துவைத்தாள். போகவில்லை. அதை மண்டிக்குப் போட்டுக்கொள்கிறேன்.

முள்கரண்டியை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தொகுதி சேர்ந்துவிட்டது. மதினியிடம் சொல்லுங்கள், கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

அபுதாஹிர்


கோவில்பட்டி,
27-3-1978, திங்கட்கிழமை.

அன்பு நண்பர் அபுதாஹிர் அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் எழுதாமல் இருப்பது என் வழக்கம் அன்று.

முள்கரண்டி 23-3-1978 வியாழக்கிழமை, பகல் பதினொரு மணித் தபாலில், பழுதின்றி வந்து சேர்ந்தது. பச்சைக் குமிழில் கீறல் எதுவும் இல்லை. நான் கையெழுத்திட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கோமதி வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மற்ற ஐந்தும் அலமாரியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அங்கே வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கால் கழுவப் புறவாசலுக்குப் போனபோது பார்த்தேன். மாடத்தில், தங்கள் டம்ளருக்குள் அதை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அதை எடுத்து மற்ற ஐந்தோடு வைக்கச் சொல்ல வேண்டும். இன்று 27-ஆம் தேதி. இன்னும் சொல்லவில்லை.

மந்திரமூர்த்தி